முயல் பிடித்த நோன்பு

பிள்ளைகளே, நேற்று நோன்பு திறக்கிற நேரம் நீங்கள் மூன்று பேரும் முயல் கூட்டுக்கு முன்னால் குந்தியிருந்து சிரித்தீர்கள். கரட்டை மோந்து பார்த்துவிட்டு அது முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். "வாப்பா, எங்கட முயலும் நோன்பு புடிச்சீக்கி!" என்று சின்னவள் கத்தினாள். உங்கள் உம்மாவும் சிரித்தார். நான் மட்டும் கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனேன். வாப்பாவுக்கு என்ன கோபம் என்று நீங்கள் உம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

கோபம் இல்லை. அதே வார்த்தையை உங்கள் வயதில் நானும் கேட்டிருக்கிறேன். கேட்டு நம்பியும் இருக்கிறேன். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் சீனி என்று ஒரு வெள்ளை முயல் இருந்தது. அதைக் கொண்டுவந்தவர் உங்கள் பாலாவி மாமி, அதாவது என் மூத்த சகோதரி, என் ராத்தா. கூடப் படித்த பிள்ளை ஒருத்தி கொடுத்த குட்டியைப் பாடசாலைப் பைக்குள் ஒளித்து, பஸ்ஸில் நுரைச்சோலை வரைக்கும் கொண்டுவந்தாராம். நான் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தேன். ஆகவே எனக்கும் சீனிக்கும் ஏறக்குறைய ஒரே வயது. எனக்கு எட்டு வயதானபோது நான் சிறுவன், அது கிழவி. இது எனக்கு விளங்கவே இல்லை. என்னோடு வளர்ந்தது என்னைப்போலத்தானே இருக்க வேண்டும்?

அது இளமையில் தின்றதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் வாப்பாவின் தோட்டத்துப் பீட்ரூட் இலை, கரட், கங்குன் கீரை, வேலியோரத்து முள்முருங்கை, எல்லாம் போகும். ஒருமுறை ராத்தாவின் கணிதக் கொப்பியில் இரண்டு பக்கத்தைத் தின்றுவிட்டது. முயல் தின்றது என்று சொன்னால் டீச்சர் நம்புவாரா? அன்று முழுக்க ராத்தா வகுப்புக்கு வெளியே நின்றார்.

ராத்தாவுக்குக் கலியாணம் முடிந்தது. மச்சானின் வேலை பாலாவியில். லொறிகள் ஓடுகிற தெருவோரத்தில் வாடகை வீடு. கூடு வைக்க இடம் இல்லை. போகிற அன்று ராத்தா என்னைக் கூட்டடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்: "தம்பி, சீனி வயசாளி. நீதான் பாத்துக்கணும். பெருநாளைக்கு வந்து நான் அதப் பாப்பன், சரியா?"

"ஓம் ராத்தா. குண்டாக்கித் தருவன்," என்றேன்.

அவர் போன மாதமே சீனியின் வாய் மாறத் தொடங்கியது. முதலில் கரட்டைத் தள்ளியது, இலையைத் தின்றது. பிறகு இலையிலும் தண்டை விட்டுவிட்டு நுனியை மட்டும் தின்றது. இன்றைக்குக் கங்குனுக்கு ஓடிவரும். நாளைக்கு அதே கங்குனைக் கண்டால் பின்னுக்குப் போகும். ஒன்றை வாயில் எடுக்கும், கீழே போடும், திரும்ப எடுக்கும், திரும்பவும் போடும். வாய்க்குக் கீழே நாடி மயிர் எந்நேரமும் நனைந்திருந்தது. என் உம்மாவிடம் சொன்னேன். "வயசு போனா மனிசருக்கும் அப்பிடித்தான் மகன். வாய்க்கு ஒண்டும் புடிக்காது," என்றார்.

ஒருநாள் கூட்டடியில் நின்று நானே ஒரு கரட்டைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தேன். வாயிலிருந்து சிறு துண்டு கம்பி வலைக்குள் விழுந்தது. சீனி வந்து அதைத் தின்றது. இன்னொரு வாய் மென்று சப்பி, உள்ளங்கையில் துப்பி நீட்டினேன். கையை நக்கித் துடைத்துவிட்டது. அன்றிலிருந்து காலையும் பின்னேரமும் நான் சப்பிக் கொடுப்பேன், அது தின்னும். உம்மா கண்டால் ஏசுவார் என்பதால் இதை யாருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அப்படியே ஒரு மாதம் போனது. பிறகு நோன்பு வந்தது.

அந்த வருடம் முப்பதையும் பிடிப்பேன் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். வாப்பாவின் தம்பி, என் சாச்சா, எங்களோடுதான் இருந்தார். நக்கல் அடிப்பதற்கென்றே பிறந்தவர். "நீயா? பத்து மணிக்கே சோத்துப் பானைக்குள்ள தலையப் போடுவாய்," என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே பிடித்தேன் என்று வையுங்கள். முதல் நோன்பு பிடிக்கிற பிள்ளைகள் எச்சிலைக்கூட விழுங்கப் பயந்து துப்பிக்கொண்டு திரிவது உங்களுக்குத் தெரியும்தானே. ஓதப்பள்ளிக்குப் போகிற வழியெல்லாம் துப்பிக்கொண்டு போன கூட்டத்தில் நானும் ஒருவன். எச்சிலுக்கே அந்தப் பாடு என்றால், கரட்டை வாயில் போட்டுச் சப்புவது எப்படி?

முதல் நாள் காலையில் முழுக் கரட்டைப் போட்டேன். சீனி மோந்தது, உருட்டியது, விட்டுவிட்டது. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்போது சாச்சா வந்தார். குனிந்து பார்த்தார்.

"டேய், இதும் நோன்பு புடிச்சீக்கிடா! ஒன்னவிட இதுக்கு ஈமான் கூட!"

குசினிக்குள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உம்மாவும் அதைக் கேட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

அன்று பின்னேரம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் என் கஞ்சியில் கொஞ்சத்தைப் பீங்கானில் ஊற்றிக் கூட்டுக்குள் வைத்தேன். பீங்கான் வெளுக்கும் வரைக்கும் சீனி நக்கியது. "பாருங்கோ, பாங்கு சொன்னதுக்குப் புறகுதான் திறக்கிது!" என்று நான் முற்றமெல்லாம் ஓடினேன். இதற்குமேல் எனக்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? அடுத்த நாளிலிருந்து காலையில் கூட்டில் கிடந்த இலைகளை எல்லாம் நானே பொறுக்கி எடுத்துவிட்டேன். மறந்துபோய் வாய் வைத்து, பிடித்த நோன்பை முறித்துக்கொள்ளக் கூடாதே.

தண்ணீரை மட்டும் எடுக்கவில்லை. அதற்குக் காரணம் இரக்கம் அல்ல. தகரக் கிண்ணம் கம்பியோடு கட்டியிருந்தது.

காலையில் நான் போகும்போது சீனி முன்னங்கால் இரண்டையும் வலையில் வைத்துப் பிறாண்டும். "பொறு, எனக்கும் பசிதான்," என்று சொல்வேன். ஒரு நாளைக்கு ஒரு பீங்கான் கஞ்சி. நான் இரவில் தராவீஹ் தொழப் போய்விடுவேன், வந்தால் தூங்கிவிடுவேன். வெள்ளை மயிர் பொங்கியிருந்ததால் மெலிந்தது வெளியில் தெரியவில்லை. தூக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் தூக்கவில்லை. நோன்பாளியைக் கரைச்சல் படுத்துவது சரியில்லை என்று நினைத்தேன்.

பன்னிரண்டாம் நோன்பு என்று நினைக்கிறேன். அன்று மணல் கொதித்தது. நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து கூட்டைப் பார்த்தேன். சீனி பிறாண்டவில்லை. தலையை வலையோடு சாய்த்துக்கொண்டு என் கையையே பார்த்தது. எனக்குப் பயம் வந்தது. வாப்பா பிடுங்கிக் குவித்திருந்த பீட்ரூட் பக்கத்துக் கொட்டிலில் கிடந்தது. ஒன்றை எடுத்து மண்ணைத் துடைத்தேன். ஒரே ஒரு வாய் சப்பிக் கொடுப்போம், அல்லாஹ் பொறுப்பான் என்றுதான் கடித்தேன். சத்தியமாக அதற்குத்தான் கடித்தேன்.

சாறு தொண்டைக்குள் இறங்கியது. முதல் வாய் என்னை அறியாமல் போனது. இரண்டாவது வாய் அறிந்துதான் போனது. அந்தக் கொட்டிலுக்குப் பின்னால் நின்று முழுப் பீட்ரூட்டையும் நானே தின்று முடித்தேன். வலைக்கு அந்தப் பக்கம் சீனியின் மூக்கு ஆடிக்கொண்டே இருந்தது. கையில் ஒன்றும் மிஞ்சாத பிறகுதான் அதைப் பார்த்தேன்.

"நீ நோன்பு," என்றேன்.

பின்னேரம் எல்லோரும் பாயில் இருந்தோம். பாங்குக்குச் சற்று முன்னால் உம்மா என்னைக் கிட்ட இழுத்து, முந்தானையை நனைத்து என் வாயை அழுத்தித் துடைத்தார். உதடு எரிந்தது. பிறகு எல்லோருக்கும் கொடுத்ததுபோலவே என் கையிலும் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்தார். பாங்கு சொன்னதும், "நோன்பத் திற மகன்," என்றார். முகத்தில் புழுதி போல என்று நினைத்துக்கொண்டேன். என் வாய் எந்த நிறத்தில் இருந்திருக்கும் என்பது, கலியாணம் முடித்த புதிதில் உங்கள் உம்மா பீட்ரூட் வெட்டிய கையைக் கழுவுவதைப் பார்த்தபோதுதான் விளங்கியது. அதற்குள் என் உம்மா மவுத்தாகி, அடக்கம் செய்து இரண்டு வருடம்.

மூன்று நாள் கழித்துச் சீனி கஞ்சியைத் தொடவில்லை. அடுத்த நாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம் போய்ப் பார்த்தபோது மூலையில் பக்கவாட்டில் விறைத்துக் கிடந்தது. நான் போட்ட சத்தத்தில் வாப்பா தோட்டத்திலிருந்து வந்தார். அதைத் தூக்கியதும், "என்ன இது, காத்து மாதிரி ஈக்கி," என்றார். விரலால் உதட்டை விலக்கினார். கீழ்ப்பல் இரண்டும் வளைந்து வளர்ந்து மேலே ஏறி, மேலுதட்டைக் குத்திப் புண்ணாக்கியிருந்தன.

"பல்லு வளந்து வாய அடச்சீக்கி. கடிக்க ஏலாமப் போயிட்டு," என்றார் வாப்பா. "இத்தன நாளும் பசியிலதான் கெடந்தீக்கி, பாவம்."

சாச்சா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனார். உம்மா என் தலையைத் தடவி, "நீ என்ன செய்யிற மகன். நோன்போட நோன்பா ஒன்ட கஞ்சியக் கூடக் குடுத்தாயே," என்றார். வீட்டில் ஒருவரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. யாராவது சொல்லியிருந்தால் நானும் நடந்ததைச் சொல்லியிருப்பேன்.

உம்மா ஒவ்வொரு பின்னேரமும் கஞ்சிக்குப் போடக் கரட் துருவிக்கொண்டிருந்தார், பிள்ளைகளே. கூட்டிலிருந்து பத்தடி தூரத்தில். அந்தத் துருவலில் ஒரு பிடி கேட்டிருந்தால் போதும். எட்டு வயதில் எனக்கு அது தோன்றவில்லை. தேவைக்காக வாயில் சப்பி, விழுங்காமல் துப்பினால் நோன்பு முறியாது என்று ஒரு மௌலவி சொல்லிக் கேட்டது இன்னும் இருபது வருடம் போன பிறகு. தின்னாமல் இருப்பதும் தின்ன முடியாமல் இருப்பதும் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரேமாதிரித்தான் தெரியும்.

பெருநாளுக்கு ராத்தா வந்தார். உடுப்பு மாற்றாமலே கூட்டடிக்குப் போனார். வெறும் கூட்டின் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "அழாத தம்பி. நீ பாத்தபடியாத்தான் இவ்வளவு நாளாவது இருந்திச்சு," என்றார்.

நான் ஓம் என்றேன்.

உங்கள் முயலுக்கு இன்று காலையில் நான் கரட்டைத் துருவி வைத்தேன். கொஞ்சம் தின்றது. நாளைக்குப் புத்தளத்துக்கு மிருக வைத்தியரிடம் கொண்டுபோவோம். அதற்கும் வயது போய்விட்டது, அதனால் என்ன நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் இனி அது தின்னாவிட்டால் சிரிக்காதீர்கள். வாயைத் திறந்து பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இது ராத்தாவுக்கும் தெரியாது. பெருநாள் முடிந்த கிழமை, விட்டுப்போன நோன்புகளை உம்மா கழாவாகப் பிடித்துக்கொண்டிருந்தார். விட்டதைத் திரும்பப் பிடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் விளங்கிக்கொண்டேன். ஒருநாள் யாருக்கும் சொல்லாமல், விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கும் எழும்பாமல், நானும் பிடித்தேன். பாடசாலை இடைவேளையில் என் பாண் துண்டைக் காகத்துக்குப் போட்டேன். பகல் சாப்பாட்டுக்கு வயிறு சரியில்லை என்றேன். பின்னேரம் வெறும் கூட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இது நான் முறித்த நோன்புக்கா, சீனி பிடித்த நோன்புக்கா என்று எனக்கே தெரியவில்லை. பாங்கு சொல்லி முடியும் வரைக்கும் காத்திருந்துவிட்டு, கிணற்றடிக்குப் போய்க் கையில் ஏந்தித் தண்ணீர் குடித்தேன்.