கங்குச் சட்டியும் பதினாலு ரோலரும்

எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு ஆண்டவன் சொத்து எதுவும் வைக்கவில்லை. சுருட்டை முடியை மட்டும் தாராளமாகக் கொடுத்திருந்தான். அம்மாவுக்கு அதில் வருத்தம் கிடையாது. பீன்ஸ் தோட்டத்துக் கூலிக்காரியின் தலையை யார் பார்க்கப் போகிறார்கள்? சித்திக்குத்தான் அது தீராத வியாதி மாதிரி இருந்தது.

சித்தி அம்மாவின் தங்கை. சிலோன் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்தபோது அம்மா சிறுமி. சித்தி இங்கே வந்த பிறகு பிறந்தவள். பெற்றவள் சீக்கிரமே போய்விட்டதால் அவளைத் தூக்கி வளர்த்தது அம்மாதான். அதை அம்மா ஒரு நாளும் மறந்ததில்லை, மற்றவர்களை மறக்கவிட்டதுமில்லை. பள்ளங்கிப் பக்கம், கூலிக்காரர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்தில், எங்கள் வீட்டில் சமையல், துணி துவைப்பு, கைக்குழந்தையான என் தம்பி எல்லாமே சித்தியின் பொறுப்பு. சீசன் மாதங்களில் மட்டும் கொடைக்கானலில் ஒரு ஹோட்டலுக்கு ரூம் சுத்தம் செய்யப் போவாள். அந்த நாட்களில் அம்மா தம்பியைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போய் வரப்பில் கிடத்துவாள், கங்காணியிடம் ஏச்சும் வாங்குவாள்.

அந்த வருஷம் அதே ஹோட்டலில் ரிசப்ஷனுக்கு ஆள் தேவைப்பட்டது. சித்தி பன்னிரண்டாவது முடித்தவள், இங்கிலீஷும் சமாளிப்பாள். சனிக்கிழமை வரச் சொன்ன மேனேஜர், "தலைய மட்டும் கொஞ்சம் சரி பண்ணிட்டு வாம்மா" என்றாராம். வேலை கிடைத்தால் தங்குவதும் அங்கேயே.

"போ, யாரு வேணாங்கிறா" என்றாள் அம்மா. குரலில் சுரத்தே இல்லை.

பியூட்டி பார்லரில் வேலை பார்த்த தோழி ஒருத்தி வீட்டுக்கே வந்து, மூக்கைத் துளைக்கும் க்ரீமைத் தடவிச் சித்தியின் முடியை நிமிர்த்தினாள். நிமிர்ந்தது, ஆனால் வைக்கோலாக நின்றது. அதைப் படியவைக்கப் பெரிய பிளாஸ்டிக் ரோலர்கள் பதினாலை இரவல் கொடுத்துவிட்டுப் போனாள். ஈர முடியை அதில் சுற்ற வேண்டும், முழுக்கக் காய்ந்த பிறகுதான் கழற்ற வேண்டும். ஈரத்தோடு கழற்றினால் பட்ட பாடெல்லாம் வீண்.

வெள்ளிக்கிழமை காலையில் சித்தி தலைக்கு ஊற்றி ரோலர் சுற்றினாள். அன்று பார்த்து மேகம் வாசலிலேயே படுத்துக்கிடந்தது. நான் பள்ளி விட்டு வந்தபோதும் முடி சொதசொதவென்று இருந்தது, சித்தியின் உதடு குளிரில் வெளுத்திருந்தது.

எங்கள் வீட்டில் தலை காயவைப்பதென்றால் கங்குச் சட்டிதான். அடுப்புக் கங்கைச் சட்டியில் அள்ளி, சாம்பிராணி தூவி, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் முடியைப் பரப்புவோம். ஒருமுறை என் பிளாஸ்டிக் கிளிப் உருகி முடியில் ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து அம்மா என் தலைமுழுதும் துழாவிப் பார்த்த பிறகே குனியவிடுவாள்.

தோட்டத்திலிருந்து வந்த அம்மா சித்தியின் தலையைத் தொட்டுப் பார்த்தாள். "இப்படியே கெடந்தா நாளைக்கு விடிஞ்சாலும் காயாது. கங்கு போட்டுத் தர்றேன், படு."

"ரோலர் இருக்கேக்கா. ஒண்ணும் ஆகிடாதே?"

"கூடை இருக்குல்ல. நான் பாத்துக்க மாட்டனா?"

அம்மாவை நம்பியே வளர்ந்தவள் சித்தி. தலையணையை மடித்துக் கழுத்துக்குக் கொடுத்து, தலையைக் கூடைமேல் சாய்த்தாள். முந்தின ராத்திரியெல்லாம் கண்ணாடி முன் 'வெல்கம் சார்' சொல்லிப் பழகியவள், சூட்டின் இதத்தில் தூங்கிப்போனாள்.

அம்மா இன்னும் ஒரு கரண்டி கங்கை அள்ளிப்போட்டு, விசிறியை என் கையில் கொடுத்தாள். "நிறுத்தாம விசிறு புள்ள. சித்தி வெள்ளனே போகணும்ல." தம்பியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

நான் விசிறினேன். வேலை கிடைத்ததும் பேக்கரி கேக் வாங்கித் தருவதாகச் சித்தி சொல்லியிருந்தாள், அந்தக் கேக்குக்கும் சேர்த்தே விசிறினேன். சாம்பிராணி வாசனைக்குள் வேறொரு நாற்றம் வந்தபோது, க்ரீம்தான் நாறுகிறது என்று நினைத்தேன். சித்தி அலறிக்கொண்டு எழுந்தாள். பின்னந்தலையில் ஐந்தாறு ரோலர்கள் வெல்லப்பாகாக இளகி, முடியோடு இறுகிப் போயிருந்தன.

கத்தரியைத் தவிர வழியில்லை. அம்மாதான் வெட்டினாள். வெட்டுவதற்கு முன், சித்தி பார்க்க, என் முதுகில் நாலு சாத்து சாத்தினாள். "பாத்து விசிறுன்னுதான சொன்னேன்" என்றாள். அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அடி விழுந்ததும் அதுவே உண்மையாகிவிட்டது.

சனிக்கிழமை சித்தி கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு போனாள். கொடைக்கானலில் குல்லா போடாதவர் யார்? ஆனால் மேனேஜர் அதைக் கழற்றச் சொன்னார். அடுத்த பஸ்ஸிலேயே சித்தி திரும்பி வந்துவிட்டாள்.

ஒரு மாதம் அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. தம்பி பள்ளிக்கூடம் சேரும்வரை எங்கள் அடுப்படியிலேயே கிடந்தாள். அம்மா ஒரு நாள்கூடத் தோட்ட வேலைக்கு மட்டம் போடவில்லை. ஒருத்தியின் பிழைப்பைக் கெடுத்தவள் என்ற நினைப்போடுதான் நான் வளர்ந்தேன். அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை, யார் மேல் என்பதுதான் மாறியிருக்கிறது. அம்மாவிடம் நான் இதுவரை கேட்டதில்லை.

ரோலர் உருகிய அந்த வாரத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமையே அம்மா எனக்குச் சட்டி வைத்தாள். குனியப் போன என்னை நிறுத்தி, வழக்கம்போல் தலைமுழுதும் விரல்விட்டுத் துழாவி, காதோரம் கிடந்த சின்னக் கிளிப் ஒன்றைக் கழற்றி எட்டத்தில் வைத்தாள். என் முடிமேல் அம்மாவுக்கு எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டே குனிந்தேன்.