நாலு ஓட்டைக்கு ஒரு மிஷின்

என் அக்காவின் கணவர், எங்கள் அத்தான், வாழ்க்கையில் ஒரு ஆணி அடித்ததில்லை. ஆனால் ஆணி எத்தனை வகை, எது வளையும், எது வளையாது என்று கேட்டுவிட்டால் போதும், ஒரு மணி நேரம் அளந்து விடுவார். அவர் குடியிருக்கும் கட்டிடத்தில் அவருக்கு ஆர்.பி.எம். என்று பெயர். மோட்டார் வைத்த எதைப் பார்த்தாலும் "இதுக்கு ஆர்.பி.எம். எவ்வளவு? நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்தும்?" என்று கேட்பதால் வந்த பெயர். புது மிக்சி வாங்கிக்கொண்டு மாடியேறிய பக்கத்து வீட்டு அம்மாவைப் பாதிப் படியில் நிறுத்தி வைத்து அதைக் கேட்டவர் அவர். கேள்வி கேட்டாரே தவிர, பெட்டியைத் தூக்க ஒரு கை கொடுக்கவில்லை.

ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்திருந்தார். வேலை செய்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதை வாங்கினாலும் மூன்று கம்பெனிகளிடம் விவரம் கேட்டு, பெரிய தாளில் கட்டம் போட்டு, ஒப்பீட்டுப் பட்டியல் தயாரிப்பது அவர் பொறுப்பு. மூன்றில் ஒருவன் கடைசி நேரத்தில் புது மாடல் என்று வந்து நின்றால் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். அவர்கள் பிரிவுக்கு ஒரு மின்விசிறி வாங்கவே இரண்டு கோடை ஆனதாம். "அவசரப்பட்டுத் தப்பான ஃபேனை வாங்கியிருந்தா?" என்று இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திக் கேட்பார். இப்படிப்பட்டவர் என் அக்காவை எப்படித்தான் தேர்ந்தெடுத்தாரோ, எங்கள் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. அன்றைக்கு யாரோ புண்ணியவான் தாளை ஒளித்து வைத்திருக்க வேண்டும்.

அக்கா வீட்டிலேயே ஜன்னல் திரை தைப்பவள். அவள் கத்தரி துணியில் போகிற வேகத்தை நின்று பார்க்கலாம். போன வருடம் அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றே ஒன்று சொன்னார். "பாத்ரூம்ல உட்கார்ந்து எழுந்திரிக்கப் பிடிமானம் வேணும். சுவத்துல ஒரு கம்பி அடிச்சிருங்க. இவங்க விழவே கூடாது."

கம்பியை அக்காவே கடையில் சொல்லி வரவழைத்துவிட்டாள். நாலு ஸ்க்ரூவோடு அது பாத்ரூம் கதவுக்குப் பின்னால் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. சுவரில் நாலு ஓட்டை போட வேண்டும், அவ்வளவுதான். நான் எலக்ட்ரீஷியன். சுவரில் ஓட்டை போடுவது எனக்குக் காப்பி குடிக்கிற நேரத்து வேலை. அன்றைக்கே என் டிரில் மிஷினைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அத்தான் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினாலு வருடம் உழைத்த மிஷின். கம்பெனி பேர் எப்போதோ தேய்ந்துபோனது, பிடியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தேன்.

"இது எத்தனை ஜூல் மாப்ளே?"

"அது தெரியாது அத்தான். ஓட்டை போடும்."

"அடி எவ்வளவுன்னே தெரியாம அடிக்கிறியா?" அவர் சிரித்தார். "பேரு ஊரு இல்லாத மிஷினை என் சுவத்துல வைக்க விடமாட்டேன். டைல்ஸ் விரிசல் விட்டுப்போச்சுன்னா யார் பொறுப்பு? நானே நல்ல ஹேமர் டிரில்லா பார்த்து வாங்குறேன். ஆயுசுக்கும் உழைக்கும்."

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மிஷினைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். வாய் திறந்து கேட்கட்டும், அப்போது வருகிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

பிறகு ஆரம்பமானது அவருடைய திருவிளையாடல். மூன்று கம்பெனிகள் பட்டியலுக்கு வந்தன. எங்கள் தொழிலில் பெட்டியின் நிறத்தைத்தான் சொல்வோம்: கறுப்புப் பெட்டி, சிவப்புப் பெட்டி, சாம்பல் பெட்டி. கறுப்புக்கு அடி பலம், ஆனால் கனம். சிவப்பு கைக்கு அடக்கம், ஆனால் வயர் குட்டை. சாம்பலுக்கு எல்லாம் சரி, பிடி மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. இதை முடிவு செய்ய அவர் கடைக்கு ஒன்பது தடவை போனார். கடைக்காரர் என் பழைய வாடிக்கை. அவரே என்னிடம் அழாத குறையாகச் சொன்னார்: "உங்க அத்தான் தராசு கொண்டு வந்து மிஷினை எடை போடுறாருங்க. நான் இல்லைன்னு சொல்லச் சொல்லிட்டு உள்ளே போய் உட்கார்ந்துக்கிறேன்."

ஏழாவது வாரம் கிட்டத்தட்ட வாங்கிவிட்டார். சாம்பல் பெட்டியில் புதுப் பிடியோடு அடுத்த மாதம் ஒரு மாடல் வரப்போகிறது என்று எவனோ வீடியோவில் சொல்லித் தொலைத்தான். கட்டம் போட்ட தாள் குப்பைக்குப் போனது, புதுத் தாள் வந்தது. "ஒரு மாசம் பொறுத்தா என்ன இப்போ?" என்றார். பொறுக்க வேண்டியது அவர் முழங்கால் இல்லையே.

அதுவரை அக்கா எதைப் பிடித்து எழுந்தாள் என்று கேளுங்கள். குழாயை. வலது பக்கச் சுவரிலிருக்கும் தண்ணீர்க் குழாயைப் பிடித்துத் தொங்கி எழுந்துகொண்டிருந்தாள். ஆள் தொங்கவா குழாய் வைக்கிறார்கள்? அது ஆட ஆரம்பித்தது. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் "இது லொடலொடன்னு ஆடுதுடா, கொஞ்சம் இறுக்கிட்டுப் போயேன்" என்பாள். நானும் ஸ்பேனரை எடுத்து இறுக்கிவிட்டு வந்தேன். மூன்று தடவை இறுக்கினேன். மூன்று தடவையும் கம்பி அதே கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்தது. மூன்று தடவையும் ஹாலில் அத்தான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷனுக்கு எப்போது புத்தி வரும் என்று தலையில் அடித்துக்கொண்டே படியிறங்கினேன்.

பதினோராவது வாரம், ஒரு காலை நேரம், குழாய் கையோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. அக்கா வலது கையை ஊன்றி விழுந்தாள். கத்தியிருக்கிறாள். துரைக்குக் காதில் ஹெட்போன். கதவிடுக்கு வழியாக வந்த தண்ணீர் காலை நனைத்த பிறகுதான் எழுந்து போய்ப் பார்த்திருக்கிறார்.

முழங்கால் தப்பியது. மணிக்கட்டு நொறுங்கிப்போனது. தகடு வைத்துத் தைத்தார்கள். விரல்கள் பழையபடி மடங்காது, கத்தரி பிடிக்கிறதெல்லாம் சந்தேகம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாளே நான் குழாயை மாற்றி வைத்தேன். கம்பியை மட்டும் அவள் வந்து உயரம் காட்டட்டும் என்று விட்டிருந்தேன். மறுநாள் மிஷினோடு போனேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அக்கா பாத்ரூம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வலது கை கழுத்தில் கட்டிய தூளியில் கிடந்தது. நான் பென்சிலோடு வலது பக்கச் சுவருக்குப் போனேன்.

"அங்கே வேண்டாம். இடது பக்கம் அடி. இந்தக் கையால இனி எதைப் பிடிக்கிறது?"

இடது பக்கச் சுவரில் குறி போட்டு அடித்தேன். டைல்ஸைத் தாண்டியதும் வெண்ணெய் மாதிரி உள்ளே இறங்கியது. செக்கச்செவேல் என்று தூள் கொட்டியது. அத்தான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"செங்கல்லா?" என்றார். "நான் கான்கிரீட்னுல்ல நினைச்சு எல்லாம் பார்த்துட்டு இருந்தேன். செங்கல்லுன்னா ஹேமரே வேண்டாமே. சாதா டிரில்லே போதுமே!"

முப்பத்தோரு வருடம் கொள்முதல் பிரிவு. மூன்று கம்பெனி, ஒன்பது தடவை கடை, ஒரு தராசு. சுவர் எதனால் ஆனது என்று ஒரு தடவை தட்டிப் பார்க்கவில்லை இந்த மேதை. அருவருப்பாக இருந்தது எனக்கு. திரும்பி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

"உனக்குத் தெரியாதாடா இது செங்கல்லுன்னு?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

தெரியும். இந்தக் கட்டிடம் முழுக்கச் சுவரைக் குடைந்து வயர் இழுத்தவன் நான்தான். அவர் கான்கிரீட்டுக்கு மிஷின் தேடுகிறார் என்று கடைக்காரர் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நல்லா அலையட்டும் என்று வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன்.

"தெரியும்க்கா," என்றேன்.

அவள் கத்தவில்லை. தூளிக்குள் இருந்த கையை இன்னொரு கையால் சரிசெய்து வைத்துக்கொண்டாள்.

"அவரு பதினோரு வாரமா மிஷின் தேடினாரு. அவரு அப்படித்தான், எனக்கு முப்பது வருஷமாத் தெரியும். உன் மிஷின் உன் பைக்குள்ளதானே இருந்துச்சு? குழாயை இறுக்க வந்தியே மூணு தடவை, அப்பவும் அந்தப் பை உன் தோள்லதானே இருந்துச்சு?"

மிச்சமிருந்த மூன்று ஓட்டையையும் போட்டேன். கம்பியை மாட்டி முடிக்க மொத்தம் பன்னிரண்டு நிமிடம் ஆனது.