மருந்துச்சாமிக்குக் கிடைக்காத மடாதிபதி பட்டம்

எங்கள் தாய்மாமன் மீசை அரும்பிய வயதில் மடத்தில் சேர்ந்தவர். ஆண் துறவிகள் மட்டும் வாழும் மடம் அது. படுக்கையில் விழுந்த முதியவர்களுக்குக் கஞ்சி ஊட்டுவது, புண் துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ‘மருந்துச்சாமி’ என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

அவரோடு சேர்ந்தவர் கணீர்ச்சாமி. அவர் வாய் திறந்தால் தூங்குகிற சுவரும் எழுந்து உட்காரும் என்று மாமா கேலி செய்வார். இருவரும் நகமும் சதையுமாக இருந்தார்கள்.

தம்மைப் பெற்றவள் இறந்த வருடம் மாமாவுக்குப் பிரார்த்தனை வரவில்லை. உதடு மட்டும் அசையும், உள்ளே வெறுமை. அதைக் கணீர்ச்சாமியிடம் மட்டும் சொல்லி அழுதார். பிறகு மெல்ல மெல்லச் சரியானது.

பழைய மடாதிபதி காலமானதும், அடுத்தவர் மருந்துச்சாமிதான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். தேர்தலுக்காகக் கூடிய சபையில் கணீர்ச்சாமி எழுந்தார்.

“அவர்மேல எனக்கு உயிரு. ஆனா பிரார்த்தனையே வராம ஒரு வருஷம் நம்ம நடுவுல நடிச்சவர தலைவரா வைக்கலாமான்னு நீங்களே யோசிங்க.”

சபை யோசித்தது. கணீர்ச்சாமியே மடாதிபதி ஆனார்.

ஒவ்வொருவராகப் போய் அவரைப் பணிந்து, ‘மடாதிபதி’ என்ற பட்டத்தைச் சொல்லி வணங்க வேண்டும். மாமா பணிந்தார். பட்டத்தைச் சொல்லவில்லை.

“உன்கிட்ட சொன்னது உன்னோடயே இருக்கும்னு நெனச்சேன்.”

“நான் பொய் சொல்லலியே.”

“இல்ல. பொய்யா இருந்தா மறுத்திருப்பேன்.”

அதைக்கூடப் பொறுத்திருப்பார். மறுநாள் கஞ்சிக் கிண்ணத்தோடு போனபோது, வருடக்கணக்காக அவர் கையில் சாப்பிட்ட முதியவர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றே மாமா துணி மூட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா எதுவும் கேட்காமல் பின்னறையை ஒழித்துக் கொடுத்தாள். பக்கத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கிவிடும் வேலை கிடைத்தது.

சில வருடம் கழித்து மடாதிபதியே எங்கள் வாசலில் வந்து நின்றார். குரல் கம்மியிருந்தது.

“படுத்தவங்களுக்கெல்லாம் முதுகு புண்ணாயிடுச்சு. பாக்க ஆளில்ல. திரும்பி வந்துடு.”

“தங்க மாட்டேன். லீவு நாள்ல வந்து பாத்துட்டுப் போறேன்.”

“என்னை மன்னிச்சிட்டியா?”

மாமா உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டார்.

அதிலிருந்து வாரம் தவறாமல் பின்வாசல் வழியாக நோயாளிகள் அறைக்குப் போய்வருகிறார். மடாதிபதி எதிரே வந்தால் வழிவிட்டு ஒதுங்கி நிற்பார், பேச்சில்லை. அம்மாவுக்கு ஆறவே இல்லை.

“அந்தக் கெழவங்களுந்தானடா உனக்கு எதிரா ஓட்டு போட்டாங்க?”

“போட்டாங்கக்கா.”

“அதெல்லாம் மறந்துடுச்சா?”

“எங்க மறக்குது? நெனச்சுக்கிட்டேதான் புரட்டிப் படுக்க வைக்கிறேன்.”