எஸ்தர் டீச்சர் எழுதிய மூன்று தாள்கள்

செவ்வாய்க்கிழமை காலை என் மனைவி லலிதா மகள் சுகந்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. “சார், வடக்குப்பட்டு டீச்சர் பையன் பேசறேன். அம்மா போய்ட்டாங்க சார். கம்பெனில ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஏறிட்டேன், லைன்லேர்ந்து எறங்கி இப்பதான் வூட்டுக்குப் போய்கினு கீறேன்.”

உங்களுள் பலருக்கு எஸ்தர் டீச்சர் பால்வாடியில் முதல் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். எனக்கு அவர், நான் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய ஒரு பெண்மணி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை என்று கருதுகிறேன்.

அது 1991. சுகந்திக்கு மூன்று வயது, பேச்சு வரவில்லை. பிள்ளைகளோடு விட்டால் வரும் என்று லலிதா அவளைப் பால்வாடியில் சேர்த்தாள். நான் கவலைப்படவில்லை. என் தந்தை நான்கு வயதில்தான் பேசினாராம். அந்த ஒரு முன்னுதாரணம் எனக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டாம் மாதம் டீச்சர் தம் ஆயாவிடம், “இந்தப் பொண்ணு நம்ம கூடவே இல்ல” என்று சொல்லியிருக்கிறார். அது தெருவுக்கு வந்து, ஒரே வாரத்தில் ‘வக்கீல் பொண்ணுக்கு மூளை சரியில்ல’ என்று ஆயிற்று.

நேரில் கேட்கச் சென்றேன். உத்தரத்தில் தொங்கிய தராசில் ஒரு குழந்தையை எடை போட்டபடியே பேசினார்.

“கூப்டா திரும்ப மாட்டேன்றா, சார்.”

“காது கேட்கவில்லை என்கிறீர்களா?”

“காது நல்லாக் கேக்குது. இந்தச் சங்கிலி ஆடுனா ரெண்டு காதையும் பொத்திக்கினு மூலைக்கு ஓடறா. பேர் சொன்னா மட்டும் யாரையோ கூப்டற மாதிரி நிக்கறா.”

“நீங்கள் டாக்டரா?”

“இல்ல சார். அதுக்கு இன்னா பேருன்னு எனக்குத் தெரியாது. பாத்தத சொல்றேன்.”

“ஆதாரம்?”

“ரெண்டு கண்ணு கீது சார்.”

ஆயா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். இப்போது யோசித்தால், நோட்டீஸுக்கு உடனடிக் காரணம் அந்தச் சிரிப்புதான்.

சொன்ன சொல்லைப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் திரும்பப் பெற வேண்டும். ஆதாரம் இருப்பின் நாள்வாரியாகத் தர வேண்டும். தவறினால் மானநஷ்ட வழக்கு. பதிவுத் தபாலில் அனுப்பினேன். கோடு போட்ட மூன்று தாள்களில் பதில் வந்தது. முதல் வரி: “‘நம்ம கூடவே இல்ல’ என்று நான் சொன்னது தப்பு. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.” அதன் கீழே, நான் கேட்டபடியே நாள்வாரியாக எழுதியிருந்தார்.

“திங்கள். தண்ணீர் வேண்டும் என்று கேட்கவில்லை. என் கையைப் பிடித்துச் சொம்பின் மேல் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வியாழன். ஏரோப்ளேன் போனது. காட்டினேன். எல்லாப் பிள்ளைகளும் மேலே பார்த்தார்கள். சுகந்தி பார்க்கவில்லை.”

இப்படி மூன்று தாளும். நான் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டேன். வாபஸ் வந்துவிட்டது, மற்றவை தேவையற்றவை. தாள்களை வழக்குக் கட்டோடு சேர்த்து, மேலே ‘முடிந்தது’ என்று எழுதினேன். மகளைப் பால்வாடியிலிருந்தும் நிறுத்தினேன். பதினான்கு மாதங்கள் அந்தக் கட்டு என் பீரோவில் இருந்தது.

பிறகு லலிதாவின் வற்புறுத்தலால் சென்னையில் ஒரு டாக்டரிடம் போனோம். பேர் சொன்னால் திரும்புகிறாளா, எதையாவது சுட்டிக் காட்டுகிறாளா, எப்போதிலிருந்து இப்படி என்று அவர் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. லலிதா பையிலிருந்து அந்த மூன்று தாள்களை எடுத்து நீட்டினாள். என்னைக் கேளாமல் கட்டிலிருந்து உருவி வந்திருந்தாள். டாக்டர் இருமுறை படித்தார். “ஆட்டிசம்னு சொல்லுவோம். எழுதினவங்க நல்லாவே பார்த்திருக்காங்க. அப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாமே?”

மன்னிப்புக் கேட்கச் சென்றபோது டீச்சர் என்னைப் பேசவிடவில்லை. “அத்த விடுங்க சார். இப்போ விரல் நீட்டிக் காட்றாளா?” இல்லை என்றேன். “நாளைக்கு இட்டுகினு வாங்க.”

சத்துமாவு உருண்டையை எட்டாத அலமாரியில் வைப்பார். சுகந்தி அவர் கையைப் பிடித்து இழுப்பாள். கையைத் தளரவிட்டு அவர் அப்படியே காத்திருப்பார். ஏழு மாதம் கழித்து ஒரு நாள் விரல் நீண்டது. நான் அவர் எதிரிலேயே அழுதுவிட்டேன். “இருங்க சார்,” என்றார். “வேணும்னு காட்றது ஒண்ணு. ‘இத்தப் பாரு’ன்னு காட்டிட்டு, நாம பாக்கறோமான்னு நம்ம மூஞ்சத் திரும்பிப் பாக்கறது இன்னொண்ணு. அது வரட்டும்.”

அது வரவில்லை. சில சொற்கள் வந்தன. தானே குளிக்கக் கற்றாள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் இருவருக்கும் உடம்பு தளர்ந்துவிட்டது. எங்களுக்குப் பின் யார் என்ற பேச்சை எடுப்பதற்கும் தெம்பில்லை. எதிர்பார்ப்பதையும் எப்போதோ நிறுத்திவிட்டோம். வல்லக்கோட்டைப் பேருந்தில் எதிர்ப்படும்போதெல்லாம் டீச்சர் மட்டும் கேட்பார்: “காட்னாளா சார்?”

புதன்கிழமை சுகந்தியை அழைத்துக்கொண்டு வடக்குப்பட்டுக்குச் சென்றோம். ஜெபப் பாட்டின் சத்தத்துக்குக் காதைப் பொத்தியபடி கண்ணாடிப் பெட்டி அருகே நின்றாள். அங்கு நடந்ததற்கு நான் பொருள் சொல்ல முற்படவில்லை. அந்தத் தகுதி எனக்கில்லை.

அவரிடமிருந்து என்னிடம் எஞ்சியவை மூன்று தாள்கள். கட்டின் மேலிருந்த ‘முடிந்தது’ என்ற சொல்லை அடித்துவிட்டேன். கடைசித் தாளின் அடியில் சிறிது இடம் இருந்தது. அவர் எழுதிய முறையிலேயே எழுதி வைத்தேன்:

“புதன். டீச்சர் வீடு. காதிலிருந்து ஒரு கையை எடுத்தாள். டீச்சர் முகத்தைக் காட்டினாள். நான் பார்க்கிறேனா என்று திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரு முறை.”