சுவரில் யூதர் என்ற சொல்

மரக்காணத்தில் சென்னைப் பேருந்துக்காகக் காத்திருக்கிறேன். எதிரே, இடதுசாரி உப்பளத் தொழிலாளர் சங்கத்துச் சுவரில், காசா போரைக் கண்டிக்கும் கூட்டத்துக்கு மாரி என்பவர் விளம்பரம் எழுதுகிறார். 'யூதர்களின் அட்டூழியம்' என்று அவர் எழுதி முடிக்கும்போது, சங்கச் செயலாளர் செல்வி, உப்புப் பாத்தியில் வேலை முடிந்து, காலில் காய்ந்த உப்போடு வருகிறார்.

"ஏம்பா மாரி, இஸ்ரேல் அரசுன்னு எழுது. யூதர்னு ஏன் எழுதின?"

"எல்லாம் ஒண்ணுதானேக்கா?"

"எவனோ ஒருத்தன் மேல இருக்கிற கோவத்துல நம்ம காலனியையே கொளுத்த வந்தாங்களே, அப்ப அவனும் நாம எல்லாரும் ஒண்ணா?"

மாரி சுண்ணாம்பு வாளியை எடுக்கிறார்.

இடதுசாரிகள் எப்போதும் இப்படிப் பிரித்துப் பார்த்தார்களா என்று செல்வியிடம் கேட்கிறேன்.

"இல்லீங்க. யூதரைக் கொன்ன இட்லரை எதிர்த்து எங்க ஆளுங்க உயிரைக் குடுத்தாங்க. அப்புறம் சோவியத்துல, யூதருக்குத் தனி நாடு கேக்குற சியோனிசத்தை எதிர்க்கிறோம்னு சொல்லி, யூதர்னாலே சந்தேகப்பட்டதும் எங்க ஆளுங்கதான். ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும்."

பேருந்து வருகிறது. ஒரு பூச்சில் அந்தச் சொல் மறையவில்லை. மாரி மறுபடியும் பூசுகிறார்.