கர்ப்பக் குகையில் இரண்டு பேர்

மத்திய அரசு ஊழியருக்கு நான்கு வருடத்துக்கு ஒருமுறை பக்தி வரும். குடும்பத்தோடு இந்தியாவின் எந்த மூலைக்கும் போய்வர நான்கு வருடத்துக்கு ஒருமுறை அரசாங்கம் பயணச் செலவைக் கொடுக்கும். அந்தக் கெடு முடிகிற வருடத்தில் ஆவடி குவார்ட்டர்ஸில் பலருடைய கனவில் அம்மன் வருவாள். எங்கள் தொழிற்சாலையில் அந்த விண்ணப்பங்களைச் சரிபார்த்து மேலே அனுப்பும் பிரிவில் நான் கண்காணிப்பாளராக இருந்தேன். ஆகவே எந்தெந்த அம்மன் யார் யார் கனவில் வந்தாள் என்பது எனக்குத் தெரியும். ஒருத்தியும் பக்கத்திலிருக்கும் திருவேற்காட்டிலிருந்து வந்ததில்லை. ரயில் போகும் கடைசி ஸ்டேஷனையும் தாண்டி, மலைமேல் இருப்பவள்தான் வந்தாள்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு வருடம் எங்கள் குவார்ட்டர்ஸில் சில குடும்பங்கள் சேர்ந்து வைஷ்ணோ தேவிக்குக் கிளம்பினோம். விதிமுறை தெரிந்தவள் என்பதால் பயணத் திட்டம் போட்டது நான். மற்ற எல்லாவற்றுக்கும் தலைமை ஃபோர்மேன் வீட்டம்மா. சேலத்துக்காரர். குவார்ட்டர்ஸ் மாரியம்மன் கோயிலில் ஆடிக்கூழ் முதல் விளக்குப் பூஜை வரை அவர் சொல்வதுதான் சட்டம். யார் பூத்தொடுக்கலாம், யார் தள்ளி நிற்க வேண்டும் என்பதை அவர் ஒருத்தியை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தே தீர்மானிப்பார்.

எங்களோடு வந்தவர்களில் மெஷினிஸ்ட் ஒருவரின் மனைவியும் இருந்தாள். மேனாம்பேட்டுப் பெண். கல்யாணமாகி ஏழெட்டு வருடமாகியும் குழந்தை இல்லை. அவளுடைய மாமியார் பூந்தமல்லிப் பக்கம் மகனுக்கு வேறொரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார். அதை மறைக்கவும் இல்லை. ஸ்டேஷனுக்கு வந்து, எங்கள் அத்தனை பேர் முன்னால் மருமகளிடம் சொன்னார்:

"நல்லா வேண்டிக்கினு வா. வந்தப்பறமும் ஒண்ணும் இல்லன்னா நீ அய்து பிரயோஜனம் இல்ல, ஆமா."

மகன் ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்து பிளாட்பாரத்துத் தண்ணீர்க் குழாயை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பயணம் முழுவதும் அவர் அப்படி எதையாவது பார்த்துக்கொண்டேதான் வந்தார்.

கோயில் பயணம் என்றால் எங்கள் பெண்களுக்கு ஒரு தனி ஏற்பாடு உண்டு. மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை. ஃபோர்மேன் வீட்டம்மா ஆவடி மார்க்கெட் மருந்துக் கடையில் மொத்தமாக வாங்கி, நான் போட்ட திட்டத்தைப் பார்த்து நாள் கணக்குப்படி எல்லோருக்கும் பங்கிட்டார். ஒன்றுகூட மிகையாக வாங்கவில்லை. எனக்கு அந்தப் பிரச்சினை ஒரு ஆபரேஷனோடு தீர்ந்து போயிருந்ததால் என் பங்கு இல்லை. தினமும் காலையில் ரயில் பெட்டியில் அவர் மேற்பார்வையில் பெண்கள் வரிசையாக விழுங்கினார்கள். ராணுவத்துக்குத் தளவாடம் செய்யும் ஊரின் பெண்கள். ஒழுங்கில் குறை சொல்ல முடியாது.

டில்லியில் பந்த் வந்தது. ஜம்மு ரயில் ஓடவில்லை. ஒரு தர்மசாலையில் நாட்கணக்கில் கிடந்தோம். மாத்திரை தீர்ந்தது. எதிரிலேயே மருந்துக் கடை. காலி அட்டையைக் காட்டினால் போதும், கடைக்காரன் கொடுத்திருப்பான்.

"கடையில ஆம்பளைதான் இருக்கான். அவங்கிட்டப் போயி இதையா நீட்டறது?" என்றார் ஃபோர்மேன் வீட்டம்மா.

நான் வாங்கி வருகிறேன் என்றேன்.

"வேண்டாம் மேடம். இத்தனை நாள் முழுங்கியாச்சு. அதெல்லாம் நிக்கும். ஆத்தா பாத்துக்குவா."

நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும் என்று மருந்துக் கடைக்காரம்மா ஆவடியிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் ஆத்தாவுக்கு மருந்தியல் தெரியாது என்று யார் சொல்வது?

ரயில் ஓடத் தொடங்கியதும் ஜம்மு போய், அங்கிருந்து பஸ்ஸில் கட்ராவில் இறங்கி, யாத்திரைச் சீட்டு வாங்கி, விடிந்ததும் ஏறத் தொடங்கினோம். மட்டக்குதிரைகளின் சாணத்துக்கும் மூத்திரத்துக்கும் நடுவே "ஜெய் மாதா தி" என்று கத்திக்கொண்டு கூட்டம் போனது. பாணகங்கை ஓடையில் குளிக்கும் இடத்தில்தான் மேனாம்பேட்டுப் பெண்ணுக்கு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் நேர்மையாகப் போய் ஃபோர்மேன் வீட்டம்மாவிடம் சொன்னாள்.

"அடிப்பாவி! இங்க வந்துமா?" என்று அவர் மார்பில் அடித்துக்கொண்டதில், பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்த பஞ்சாபிப் பெண்கள் யாரோ செத்துவிட்டதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தார்கள். "உனக்கு எதுக்குடி புள்ளை தங்கலன்னு இப்பத் தெரியுது. அவளே உன்னை வேண்டாங்கறா."

அவள் கணவரைப் பார்த்தாள். கணவர் ஒரு குதிரையைப் பார்த்தார்.

"சீட்டில் பெயர், ஊர், எத்தனை பேர் என்றுதான் இருக்கிறது. வேறு எதுவும் கேட்கவில்லை" என்றேன் நான்.

"ஆபீசு ரூல் வேற, ஆத்தா ரூல் வேற மேடம்."

கடைசியில் ஒரு சலுகை அறிவிக்கப்பட்டது. பாதி மலையில் இருக்கும் அர்த்தகுமாரி வரை அவள் வரலாம். அங்கே வெளியே உட்கார்ந்துவிட வேண்டும். குகைக்குள் நுழையக் கூடாது. மேலே சன்னதிக்கும் வரக் கூடாது. எல்லோரும் அவளைவிட்டுப் பத்தடி முன்னால் நடந்தார்கள். முழங்கால் வலியால் நானும் பின்தங்கியதால் அவளுக்குத் துணை போல ஆகிவிட்டது. வழி நெடுக அவள் அழவில்லை. ஒரே ஒரு முறை கேட்டாள்:

"மேடம், அந்தக் குகைலதான் ஒம்பது மாசம் அம்மன் இருந்துச்சாமே? புள்ள வேணும்றவங்க அதுலதான் நொயஞ்சி வருணுமாம். மேலகூட வேணாம் மேடம். அது ஒண்ணு வுட்டாப் போதும்."

அர்த்தகுமாரியில் அந்தக் குகைக்குக் கர்ப்பக் குகை என்றே பெயர். ஒரு பக்கம் தவழ்ந்து நுழைந்து, உடம்பை ஒடுக்கி நெளிந்து, மறுபக்கம் வெளியே வர வேண்டும். எங்கள் கூட்டம் வரிசையில் நின்றது. அந்தப் பெண் ஒரு டீக்கடை ஓரமாகக் கல்லில் உட்கார்ந்தாள். நானும் முழங்காலை நீட்டி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் ஃபோர்மேன் வீட்டம்மா வரிசையைவிட்டு விலகிக் கழிப்பறைப் பக்கம் போனார். திரும்பி வரும்போது முகம் வெளுத்திருந்தது. வரிசைக்குப் போகாமல் சுற்றிக்கொண்டு எங்களிடம் வந்து குனிந்தார்.

"ஏம்மா, துணி எதாச்சும் வெச்சிருக்கியா?"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "யாருக்குக்கா?"

"கேக்கறதைச் சொல்லு."

மாத்திரையை நம்பி மற்ற யாரும் துணி கொண்டுவரவில்லை. அவள் மட்டும் அம்மா சொல்லி அனுப்பியதால், பழைய புடவையைத் துவைத்துக் கிழித்து மடித்த துணிகளை ஒரு பையில் வைத்திருந்தாள். அந்தப் பையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டாள். கொடுக்கவில்லை.

"அப்ப நீயும் எங்கூட இங்க குந்திக்கிறியாக்கா?"

"எனக்கு இது நிக்கப்போற வயசுடி. சும்மா எட்டிப் பாக்குது. நான் அவ்வளவு தூரத்துலருந்து..."

"நானு பக்கத்தூட்லருந்தா வந்தேன்?"

ஃபோர்மேன் வீட்டம்மா என்னைப் பார்த்தார். நான் விதிமுறை ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவேன் என்று நினைத்திருக்கலாம். நான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"உனுக்குத் துணி வேணும். எனுக்குக் குகை வேணும். எல்லார் எதிர்லயும் சொல்லு, எனுக்கு நின்னுபோச்சின்னு. ஒத்துக்கினாத்தான் துணி" என்றாள் அவள்.

"மெரட்டறியா?"

"ஆமாக்கா."

அவர் நின்று யோசிக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. சரியென்று தலையாட்டி, பையை வாங்கிக்கொண்டு போய் வந்தார். பிறகு வரிசையில் இருந்தவர்களிடம் உரக்க அறிவித்தார்: "அவளுக்கு வந்தது வெறும் சூடாம். நின்னுபோச்சு. கழுவிக்கிட்டு வரட்டும்."

யாரும் எதுவும் கேட்கவில்லை. மேலிடத்து உத்தரவுக்குக் காரணம் கேட்டுப் பழக்கப்பட்டவர்கள் அல்ல அவர்கள்.

குகைக்குள் ஃபோர்மேன் வீட்டம்மா முன்னால், அவள் பின்னால், அவளுக்கும் பின்னால் நான். பாதியில் ஃபோர்மேன் வீட்டம்மா சிக்கிக்கொண்டார். இடுப்பு பாறையில் பொருந்திவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. "ஆத்தா, ஆத்தா" என்ற குரல் உள்ளே எதிரொலித்தது. பின்னால் வந்த வடக்கத்தியர் கோஷம் என்று நினைத்து "ஜெய்" போட்டார்கள். அந்தப் பெண் இரண்டு உள்ளங்கையையும் அவர் பின்புறத்தில் வைத்துத் தள்ளினாள். அதில் உதவி எவ்வளவு, ஆத்திரம் எவ்வளவு என்று இருட்டில் எனக்குத் தெரியவில்லை. ஒரு வழியாக அவர் வெளியே பிறந்தார். முழங்கை இரண்டும் சிராய்த்து ரத்தம் வந்திருந்தது.

மேலே சன்னதியில் சிலை கிடையாது. பாறையில் பிண்டி என்கிற மூன்று கல்முகடுகள் மட்டும். நம் ஊர் அலங்காரத்தை எதிர்பார்த்துப் போனவர்கள் எது அம்மன் என்று தேடி முடிப்பதற்குள் பூசாரி நெற்றியில் குங்குமத்தை அப்பி நகர்த்திவிட்டார். அவள் மட்டும் நகராமல் கைகூப்பி நின்றாள். பிறகு அவளையும் தள்ளினார்கள்.

ஊர் திரும்பினோம். மாதங்கள் போயின. அவளுக்கு ஒன்றும் தங்கவில்லை.

அடுத்த ஆடியில் குவார்ட்டர்ஸ் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அவள் பானையோடு வந்தபோது ஃபோர்மேன் வீட்டம்மா வழியை மறித்தார்.

"நீ தள்ளி நில்லு. நின்னுபோச்சுன்னு எங்கிட்டப் பொய் சொல்லி, அங்க தீட்டோட போயி மலையையே கெடுத்தவ நீ. அதுக்குத்தான் ஆத்தா உன் வயித்தை இப்படி வெச்சிருக்கா."

சுற்றி நின்ற பெண்கள் தெரிந்த கதைபோலத் தலையாட்டினார்கள். ஒரு வருடமாக இதை அவர் வீடு வீடாகச் சொல்லிவந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண் பானையைக் கீழே வைத்தாள்.

"ஏன்கா, அன்னிக்கு உனுக்கு இன்னா ஒய்கினு இருந்துச்சி, பன்னீரா? நீ கட்டிக்கினு போன துணி யார்து? மேடம் கீறாங்க, கேளு."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "துணி அவளுடையதுதான். இரண்டு பேருக்கும் அன்று அதே நிலைமைதான்" என்றேன்.

ஸ்டோர்கீப்பர் வீட்டுப் பாட்டியம்மா தொண்டையைச் செருமினார்.

"அவங்களுக்கு அது நிக்கிற நேரம்தானே? வரும், போகும். அதெல்லாம் கணக்குல வராது."

"ஆமா, அது எப்படிக் கணக்குல வரும்?" என்று நான்கைந்து குரல்கள் சேர்ந்தன. ஃபோர்மேன் வீட்டம்மா முகத்தில் ரத்தம் திரும்பியது. முன்தேதியிட்டு அமலுக்கு வரும் அரசாணைகள் பல பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு ஆளுக்காக, அதுவும் கூழ் கொதித்துக்கொண்டிருக்கும்போதே பிறப்பிக்கப்பட்ட ஆணையை அன்றுதான் பார்த்தேன். அவளுடைய பானையை யாரோ காலால் ஓரமாக நகர்த்தினார்கள்.

அந்த வாரமே அவளுடைய மாமியார் என் வீட்டுக்கு வந்தார்.

"மேடம், எம்புள்ளைக்கு ரெண்டாவது பண்ணி வெச்சா வேலைக்கு ஒண்ணும் ஆவாதே?"

"முதல் மனைவி இருக்கும்போது இன்னொரு கல்யாணம் செய்தால் வேலை போய்விடும். வழக்கும் வரும்."

"அவளே வேணாம்னு எய்திக் குடுத்தா?"

"வெள்ளைத்தாளில் எழுதுவது செல்லாது. ரெண்டு பேரும் சம்மதித்துக் கோர்ட்டில் மனு போட வேண்டும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்."

கேட்டதற்குப் பதில் சொன்னேன். யார் கேட்டாலும் சொல்வேன். பத்து நாள் கழித்து மருமகள் வந்தாள், வக்கீல் தட்டச்சு செய்த மனுவோடு.

"இதுல கையெய்த்து போட்டா இன்னா ஆவும் மேடம்?"

"கல்யாணம் முடிந்துவிடும். அவர் வேறு பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம்."

"போடலனா?"

"பிள்ளை இல்லை என்பதை மட்டும் காட்டி அவராக விவாகரத்து வாங்க முடியாது. எதுவும் ஆகாது."

"எத்தினி நாளைக்கி?"

"நீ இருக்கிற வரைக்கும்."

அவள் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள். கையெழுத்துப் போடவில்லை. அடித்துப் பார்த்தார்கள் என்று கேள்வி. பட்டினி போட்டார்கள் என்றும் கேள்வி. பூந்தமல்லிப் பெண் காத்திருந்து அலுத்து வேறு இடத்தில் வாழ்க்கைப்பட்டாள். அதற்குப் பிறகும் மாமியார் வேறு பெண்களைப் பார்ப்பதை விடவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு, தொண்ணூறுகளின் பிற்பாதியில், அண்ணனூரில் ரயிலேறியபோது பெண்கள் பெட்டியில் மாமியாரும் மருமகளும் இருந்தார்கள். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்திருந்தது. மருமகள் இட்லியைப் பிய்த்து அவர் வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். முந்தையதை விழுங்குவதற்குள் அடுத்தது போனது. என்னைக் கண்டதும் மாமியார் அவசரமாக மென்று முடித்தார்.

"மேடம், கவர்மென்ட்ல அந்த ரெண்டாவது கல்யாண ரூலு இன்னும் மாத்தலியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் அடுத்த துண்டை எடுத்தாள்.

"இல்லத்த. நானு போன மாசங்கூட வக்கீலாண்ட கேட்டுனுதான் வந்தேன். வாயத் தொற."