தூணோரத்துப் பச்சைச் சேலை

என் அக்கா தபீதாள் மேற்குத் தாம்பரத்தில் டீச்சர். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துவாள்; வீட்டில் அவளே வரலாறு எழுதுவாள்.

1963இல் அவளுக்குக் கல்யாணமான புதிது. எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஏலம். காணிக்கையாக வரும் பூசணி, கோழி, கைவேலை எல்லாவற்றையும் பேர் சொல்லாமல்தான் வைத்துவிட்டுப் போவார்கள். யார் கொண்டுவந்தது என்று கேட்பது மரியாதை இல்லை. அக்கா புருஷன் வில்பிரட் அத்தான், விடாமல் ஏற்றிக் கேட்டு, பச்சைக் கிளி போட்ட தலையணை உறை ஒன்றை ஏலம் எடுத்தார்.

"யார் தச்சதோ, அருமையான வேலை" என்று அன்றைக்குப் பாராட்டியதே அக்காதான்.

அடுத்த வருஷம் அக்கா வாயில் அது புஷ்பம் தைத்ததாகிவிட்டது. புஷ்பம் அத்தானின் அத்தை மகள். முதலில் அவளைத்தான் அவருக்குப் பேசியிருந்தார்கள். அந்த வயிற்றெரிச்சல் அக்காவுக்கு ஆறவே இல்லை. அதற்கடுத்த வருஷம் சொன்னபோது, அந்த ஏலத்தில் புஷ்பம் பச்சைச் சேலை கட்டித் தூணோரம் நின்றாள். பிறகு அத்தானைப் பார்த்துச் சிரிக்கவும் சிரித்தாள். கண், காது, மூக்கு வைத்துக் கதை வளர்ந்தது. புஷ்பம் எங்கள் வாசற்படி மிதிக்கக் கூடாது என்றானது.

அத்தான் முதலில் சத்தியம் பண்ணினார். அப்புறம், "இருக்கலாம், யாருக்கு ஞாபகம்?" என்றார். அப்புறம் வாயே திறப்பதில்லை.

எழுபத்து மூன்றில் புஷ்பத்தைக் கடைத்தெருவில் பார்த்தேன். நேராகவே கேட்டுவிட்டேன்.

"நல்ல கூத்து! அந்த வருஷம் பண்டிகைக்கு முன்னாடியே நான் மதுரைக்கு நர்ஸ் டிரெயினிங் போயிட்டேனே. உங்க அக்காதானே ஸ்டேஷனுக்கு வந்து ரயிலேத்தி விட்டாங்க!"

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆமாடி... புளிசாதம் கட்டிக் கொடுத்தேனே. தொலைஞ்சா சரின்னு சந்தோஷமா கட்டிக் கொடுத்தேன்."

அழுதாள்; சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை புஷ்பத்தைச் சாப்பிட வரச் சொல் என்றாள். சாயங்காலம் அத்தான் ஆபீஸிலிருந்து வந்ததும் எதிரே போய் நின்றாள்.

"என்னங்க, என்னை மன்னிச்சிடுங்க. அன்னிக்குப் புஷ்பம் சர்ச்சுக்கே வரலை."

அத்தான் செருப்பைக் கழற்றாமல் யோசித்தார்.

"வராம என்ன? தூணோரம் நின்னாளே, பச்சைச் சேலையில." பல வருஷங்களுக்குப் பிறகு அவர் முகம் மலர்ந்தது. "எவ்வளவு அழகா சிரிச்சா!"

பத்து வருஷமாக அந்தச் சிரிப்பை அவருக்கு ஊட்டி ஊட்டி வளர்த்தவள் அக்காதான். இப்போது அதை யார் பிடுங்குவது?

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"புஷ்பத்தை வர வேணாம்னு சொல்லிடு."